4-12×40 ஏஓ ஸ்கோப்: ஏர் ரைஃபிளுக்கு ஜூமை விட முன்வளையம்தான் முக்கியம்

ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது 'எத்தனை மடங்கு பெரிசாகக் காட்டும்?' என்பதுதான். என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, பேரலாக்ஸ், அதாவது கண் அசைந்தால் குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகர்வது போலத் தெரியும் தவறு, அதைச் சரிசெய்ய வளையம் இருக்கிறதா, அது எவ்வளவு கிட்டத்துக்கு இறங்கும் என்பது. இரண்டாவது, ஸ்பிரிங் துப்பாக்கியின் உதையை அந்த ஸ்கோப் தாங்குமா என்பது. இந்த இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்த பிறகு ஜூமைப் பற்றிப் பேசலாம்.

கடலூரில் என் வீட்டுப் பின்கட்டிலும், பண்ருட்டி பக்கம் மைத்துனரின் முந்திரித் தோப்பிலுமாக ஒரு வருஷத்துக்கும் மேலாக 4-12×40 ஏஓ ஸ்கோப் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். 4 முதல் 12 மடங்கு வரை ஜூம், 40 மி.மீ. முன் லென்ஸ்; ஏஓ என்பது முன் லென்ஸைச் சுற்றியுள்ள பேரலாக்ஸ் வளையம். குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் பிரேக் பேரல் ஏர் ரைஃபிள், 4.5 மி.மீ. பெல்லட். ஸ்கோப்பின் பிராண்ட் பெயரை எழுதவில்லை. சீனாவில் செய்யும் இதே உருவம் வேறு வேறு பெயர் அச்சிட்டு விற்பனைக்கு வருகிறது. அதனால் நான் சொல்லும் குறை ஒரு பெயருக்கு மட்டும் உரியது அல்ல. இந்த வகையில் எதை வாங்கினாலும் என்ன சோதிக்க வேண்டும் என்பதுதான் வாங்குகிறவருக்கு உதவும்.

மனைகளுக்கு லெவல் பார்த்துக் கொடுப்பது என் தொழில். மஞ்சக்குப்பம், செம்மண்டலம், நெல்லிக்குப்பம் ரோடு என்று ஆட்டோ லெவல் என்ற தொலைநோக்கிக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன். எங்கள் வேலையில் பேரலாக்ஸை நீக்காமல் ஸ்டாஃப் (எண் போட்ட அளவுகோல்) ரீடிங் எடுத்தால் அந்த ரீடிங்கை நம்ப முடியாது. பாலிடெக்னிக்கில் சர்வே பாடத்தில் முதல் வாரமே சொல்லித் தருவது இது: முதலில் கண் வைக்கும் பக்கத்து லென்ஸான ஐபீஸைத் திருகி கிராஸ் ஹேர் (குறுக்குக் கோடு) கறுப்பாகத் தெரியும்படி வை, அப்புறம் ஸ்டாஃபை ஃபோகஸ் செய், கடைசியாகக் கண்ணை மேலும் கீழும் ஆட்டிப் பார், கோடு எண் மேல் நகராமல் நிற்க வேண்டும். ரைஃபிள் ஸ்கோப்பிலும் விஷயம் அச்சாக இதேதான். ஆனால் ஸ்கோப்பின் டப்பாவுக்குள் வரும் ஒற்றைத் தாளில் இந்த வரிசையைக் காணோம். 'தெளிவாகத் தெரியும்வரை முன்வளையத்தைத் திருப்பவும்' என்ற ஒரே வரியோடு முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி போதாது.

பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஸ்பீடாமீட்டரைப் பார்த்தால் நமக்கு ஒரு எண், டிரைவருக்கு ஒரு எண். முள் ஒரு தளத்தில், எண்கள் அதற்குப் பின்னால் இன்னொரு தளத்தில் இருப்பதால் வரும் வித்தியாசம் அது. ஸ்கோப்புக்குள் முன் லென்ஸ் இலக்கின் பிம்பத்தை ஓரிடத்தில் விழ வைக்கிறது. குறுக்குக் கோடு நிலையான ஓரிடத்தில் இருக்கிறது. இலக்கு கிட்டே வந்தால் பிம்பம் நம் கண் பக்கமாகத் தள்ளி விழும். பிம்பமும் கோடும் ஒரே தளத்தில் இல்லாதபோது, துப்பாக்கி அசையாமலே இருந்தாலும் தலை அசைந்தால் கோடு இலக்கின் மேல் ஊர்ந்து போகும். கோடு எங்கே நிற்கிறதோ அங்கே பெல்லட் போகும் என்று நம்பித்தானே ட்ரிகரை அழுத்துகிறோம்? கண் நடுவில் இல்லை என்றால் அந்த நம்பிக்கை தவறிப்போகிறது.

இது ஏர் ரைஃபிளில் பெரிய விஷயம் ஆவதற்குக் காரணம் தூரம். சாதாரண ஸ்கோப்புகளைப் பெரிய ரைஃபிள்களுக்காக 100 கஜத்தில் பேரலாக்ஸ் இல்லாதபடி தொழிற்சாலையிலேயே பொருத்திவிடுகிறார்கள். .22 ரைஃபிளுக்கானவை 50 அல்லது 60 கஜம். நாம் சுடுவதோ 10 மீட்டர், 20 மீட்டர், மிஞ்சினால் 40. எவ்வளவு தவறு வரும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். முன் லென்ஸ் விட்டத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப் பொருத்தப்பட்ட தூரத்துக்கும் இலக்கின் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் அதைப் பெருக்கி, பொருத்தப்பட்ட தூரத்தால் வகுத்தால், கண் ஓரத்துக்குப் போகும்போது வரும் அதிகபட்சத் தவறு கிடைக்கும். 4×32 ஸ்கோப், 100 கஜம், அதாவது 91 மீட்டர் சொச்சம். இலக்கு 10 மீட்டரில். 16 மி.மீ.யை 81 ஆல் பெருக்கி 91 ஆல் வகுத்தால் 14 மி.மீ. வருகிறது. ஒரு பக்கம் மட்டும் 14. பெல்லட்டின் அகலமே நாலரை மி.மீ.தான்.

துப்பாக்கியோடு எனக்கு வந்தது அப்படிப்பட்ட 4×32தான். கணக்கை நம்பாமல் நேரிலும் பார்த்தேன். பின்கட்டில் 10 மீட்டர் டேப் பிடித்து, சுவரில் ஒரு கிராஃப் தாளை ஒட்டி, பெல்லட் போடாமல் துப்பாக்கியை இரண்டு மணல் பைகளின் மேல் அசையாமல் வைத்து, ஸ்டாக்கை, அதாவது துப்பாக்கியின் பின்கட்டையை, தொடாமல் கண்ணை மட்டும் இடமும் வலமும் நகர்த்தினேன். பிம்பத்தின் ஓரம் கறுக்கத் தொடங்கும் வரை போனால் கோடு கிராஃப் தாளில் பெரிய கட்டம் ஒன்றைத் தாண்டிப் போகிறது. ஒரு பெரிய கட்டம் என்பது ஒரு செ.மீ. 'ஸ்கோப் போட்டும் குரூப் சேர மாட்டேங்குது', அதாவது பெல்லட்டுகள் ஒரே இடத்தில் குவிய மாட்டேங்குது என்று புலம்புகிறவர்கள் பெல்லட்டை மாற்றுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். காசு செலவில்லை, சத்தமில்லை, பெல்லட் ஒன்றுகூடச் செலவாகாது.

சரி, 4-12×40க்கு வருகிறேன். நான் வாங்கியபோது ஏறத்தாழ 7000 ரூபாய். ஒரு அங்குலக் குழாய், மில் டாட் ரெட்டிகிள் (சம இடைவெளியில் புள்ளிகள் வைத்த குறுக்குக் கோடு), குறியை நகர்த்தும் திருகின் ஒரு கிளிக்குக் கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). முன் லென்ஸைச் சுற்றி ஏஓ வளையம், அதில் 10 கஜத்திலிருந்து முடிவிலி வரை எண்கள். இதே கிராஃப் தாளை இதில் 10 மீட்டரில் பார்த்தபோது, வளையத்தைச் சரியாக நிறுத்திவிட்டால் கோடு கட்டத்தின் மேல் ஒட்டி வைத்த மாதிரி நிற்கிறது. தலையை எங்கே கொண்டுபோனாலும் பிம்பம் கறுக்கிறதே தவிர கோடு இடம் மாறுவதில்லை. 20 மீட்டரிலும் 30 மீட்டரிலும் அப்படித்தான். கொடுத்த பணம் இந்த ஒன்றுக்கே தகும். கண்ணாடியின் தெளிவு 9 மடங்கு வரை நன்றாக இருக்கிறது. 12ல் ஓரங்கள் கொஞ்சம் மங்கல். கறுப்பு வட்டத்தைச் சுற்றி ஊதா நிறம் கசிகிறது. நடுப்பகுதி போதுமான அளவு தெளிவு.

ஆனால் 'சரியாக நிறுத்துவது' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் நான் செய்யும் முறையை விவரமாகவே எழுதுகிறேன்.

ஐபீஸில் தொடங்க வேண்டும். வளையத்தை முடிவிலிக்குக் கொண்டுபோய், சூரியன் இல்லாத பக்கமாக வெறும் வானத்தையோ கிட்டத்தில் உள்ள வெள்ளைச் சுவரையோ பார்க்க வேண்டும். எதுவும் தெளிவாகத் தெரியக் கூடாது, கோடு மட்டும்தான் தெரிய வேண்டும். இரண்டு நொடிக்கு மேல் உற்றுப் பார்க்கக் கூடாது. நம் கண் மங்கலான கோட்டையும் தானாக இழுத்துத் தெளிவாக்கிக் காட்டிவிடும். பார், தலையை எடு, கொஞ்சம் திருகு, மறுபடியும் பார். பார்த்த மாத்திரத்தில் கோடு கூர்மையாகத் தெரியும் இடம்தான் உங்கள் கண்ணுக்கு உரிய இடம். கண்ணாடி போட்டுச் சுடுகிறவர் கண்ணாடியோடுதான் இதைச் செய்ய வேண்டும். எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதால் கண் இழுத்துக்கொடுக்காது, இடம் சட்டென்று பிடிபடுகிறது. இளவட்டங்களுக்குத்தான் இதில் பொறுமை வேண்டும்.

அப்புறம் ஜூமை 12க்குக் கொண்டுபோக வேண்டும். நீங்கள் கடைசியில் 6ல் சுடுவதாக இருந்தாலும் வளையத்தை 12ல் வைத்தே சரிசெய்யுங்கள். பேரலாக்ஸ் தவறு ஜூமைக் குறைத்தால் குறைந்துவிடாது, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். அதிகபட்சத் தவறு இரண்டிலும் ஒன்றே. இன்னும் சொல்லப்போனால் 4ல் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 40 மி.மீ. லென்ஸை 4ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 10 மி.மீ. அகலம், அதற்குள் கண் எங்கே வேண்டுமானாலும் அலையலாம், ஓரம் கறுத்து எச்சரிக்காது. 12ல் அது 3.3 மி.மீ.தான். கொஞ்சம் விலகினாலும் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மைத்துனர் மகன் தோப்பில் என்னோடு இருந்தபோது, இலக்கு பளிச்சென்று வந்ததுமே கையை எடுத்துவிட்டான். "மாமா, தெளிவாத்தானே தெரியுது, அப்புறம் எதுக்கு இன்னும் திருகுறீங்க?" என்றான். துப்பாக்கியை மணல் பையில் விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் ஆட்டச் சொன்னேன். 30 மீட்டரில் குறுக்குக் கோடு தாளின் மேல் சின்ன அளவில் நடந்துகொண்டிருந்தது. "ஆமா மாமா, ஓடுது!" தெளிவு என்பது கிட்டத்தட்ட சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கோடு அசையாமல் நிற்பதுதான் கடைசித் தீர்ப்பு. தெளிவான இடமும் அசையாத இடமும் வெகுவாக விலகி இருந்தால் ஐபீஸ் சரியில்லை என்று அர்த்தம், அங்கே திரும்பிப் போக வேண்டும்.

எந்தப் பக்கம் திருப்புவது என்று தடவிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கண் வலப்பக்கம் போகும்போது கோடும் இலக்கின் மேல் வலப்பக்கம் போனால், இலக்கு வளையம் காட்டும் தூரத்தை விடக் கிட்டே இருக்கிறது. சின்ன எண் பக்கம் திருப்புங்கள். கோடு கண்ணுக்கு எதிர்ப்பக்கம் போனால் இலக்கு தூரமாக இருக்கிறது. பெரிய எண் பக்கம். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் அரை நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். கடைசித் திருப்பம் மட்டும் எப்போதும் ஒரே திசையிலிருந்து வரட்டும். விலை குறைந்த ஸ்கோப்புகளின் மரையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும்; இந்தப் பக்கமிருந்து வந்து 20ல் நின்றதும், அந்தப் பக்கமிருந்து வந்து 20ல் நின்றதும் ஒன்றாக இருக்காது.

வளையத்தில் அச்சிட்ட எண்களை நம்பாதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். என்னுடையதில் 25 கஜம் என்று எழுதிய இடத்தில் நிறுத்தினால், டேப் பிடித்து அளந்த 25 மீட்டருக்கும் சற்று அப்பால்தான் கோடு அசையாமல் நிற்கிறது. 25 கஜம் என்பது 22.9 மீட்டர். அதனால் வளையத்தைச் சுற்றி வெள்ளை இன்சுலேஷன் டேப் ஒட்டி, தோப்பில் 10, 15, 20, 25, 30, 40 மீட்டரில் குச்சி நட்டு, ஒவ்வொரு தூரத்திலும் கோடு நிற்கும் இடத்தை மெல்லிய பேனாவால் நானே குறித்துக்கொண்டேன். கிட்டத்து எண்களுக்கு இடையே வளையத்தில் நல்ல இடைவெளி இருக்கிறது. 30க்கும் 40க்கும் நடுவில் ஒரு விரல் நகம் அளவுகூட இல்லை. வெயிலும் அந்தக் குறிகளை நகர்த்துகிறது. மே மாதம் காலை ஏழு மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் 30 மீட்டர் குறி ஒரு பேனாக் கோட்டின் தடிமன் அளவு தள்ளிப்போகிறது. அதனால் குறியில் நிறுத்திய பிறகும் ஒருமுறை கண்ணை ஆட்டிப் பார்த்துவிடுவேன்.

ஏஓ வளையம் வைத்திருக்கிறவர்கள் அவசியம் மனதில் வைக்க வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வளையத்தைக் கவனிக்காமல் விட்டால், வளையமே இல்லாத ஸ்கோப்பை விட மோசமாகிவிடும். மேலே சொன்ன அதே கணக்குதான். வளையம் 10 கஜத்தில், அதாவது 9.1 மீட்டரில் நிற்கிறது, நீங்கள் 30 மீட்டரில் சுடுகிறீர்கள் என்றால், 20 மி.மீ.யை 20.9ஆல் பெருக்கி 9.1ஆல் வகுங்கள்: 46 மி.மீ. ஒரு பக்கம் நாலரை செ.மீ. வரை போகலாம்! அதே 40 மி.மீ. லென்ஸ் 100 கஜத்தில் பொருத்தியதாக இருந்தால் 30 மீட்டரில் 13 மி.மீ.தான் வந்திருக்கும். அதனால் சுட்டு முடித்ததும் வளையத்தை நடுத்தரத் தூரத்துக்கு, என் விஷயத்தில் 25 மீட்டர் குறிக்கு, கொண்டுவந்து வைத்துவிடுவேன். அங்கே இருந்தால் 20லும் 30லும் அதிகபட்சம் 4 மி.மீ.க்கு மேல் போகாது.

இதையெல்லாம் செய்தாலும் கன்னம் ஸ்டாக்கில் ஒரே இடத்தில் படிய வேண்டும். 40 மி.மீ. முன்பகுதிக்கு உயரமான மவுண்ட் (ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் பிடிப்பு) தேவைப்படுகிறது. பிரேக் பேரல் ஸ்டாக் தாழ்வாக இருக்கிறது. கன்னம் அந்தரத்தில் நிற்கிறது. ஸ்டாக்கின் மேல் ரப்பர் ஷீட் வைத்துத் துணி டேப்பால் சுற்றி உயர்த்தினேன். அதற்குப் பிறகு கண் தானாக நடுவில் வந்து உட்காருகிறது.

இப்போது குறைகள். வளையம் புதிதில் மிகக் கடினம், இரண்டு கை வேண்டியிருக்கிறது. படுத்துச் சுடும் நிலையில் அதைத் திருப்ப வேண்டுமென்றால் நிலையைக் கலைத்துவிட்டு முன்னால் எட்ட வேண்டும். பக்கவாட்டில் குமிழ் உள்ள சைட் ஃபோகஸ் வகையில் இந்தத் தொல்லை இல்லை, கன்னத்தை எடுக்காமலே இடது கையால் திருப்பலாம். ஆனால் விலை கூடுதல். குழாய்க்குள் நகரும் லென்ஸ் ஒன்று அதிகமாகிறது. மலிவான சைட் ஃபோகஸை விட நல்ல ஏஓ எனக்குப் பிடிக்கும்.

இன்னொரு குறை கொஞ்சம் கவலைக்குரியது. வளையத்தைத் திருப்பும்போது முன் லென்ஸே சுழன்று முன்பின் போகிறது. லென்ஸ் மையத்தில் துல்லியமாக உட்காரவில்லை என்றால், வளையம் சுற்றச் சுற்றக் குறியும் இடம் மாறும். எனக்கு முதலில் வந்த ஸ்கோப்பில் இது இருந்தது. கிராஃப் தாளில் கோட்டை ஒரு கட்டத்தின் மூலையில் வைத்துவிட்டு வளையத்தை மெதுவாக ஒரு எல்லையிலிருந்து மறு எல்லை வரை திருப்பினால் கோடு வளைந்து வளைந்து போனது. கண்ணை ஐபீஸின் நடுவில் அசையாமல் வைத்திருந்தும் அப்படி. வீடியோ எடுத்து அனுப்பியதும் விற்றவர் மாற்றிக் கொடுத்தார், ஆனால் அனுப்பும் செலவை என் தலையில்தான் கட்டினார். மாற்றி வந்ததில் அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியும் அளவில் இல்லை. கடையில் நேரில் வாங்கினால் இந்த ஒரு சோதனையை மேஜை மேல் வைத்தே செய்து பார்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கி மற்ற துப்பாக்கிகளைப் போல ஒரு பக்கம் மட்டும் உதைப்பதில்லை. பிஸ்டன் முன்னே பாயும்போது பின்னுக்கு ஓர் உதை, பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது முன்னுக்கு ஓர் இழுப்பு. பெரிய ரைஃபிளில் நன்றாக உழைக்கும் ஸ்கோப்புகூட இதில் உள்ளே கழன்றுபோகும். 'ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது' என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். இரண்டு துண்டு மவுண்ட் வேண்டாம், நழுவாமல் நிறுத்தும் ஊசி உள்ள ஒரே துண்டு மவுண்ட் போடுங்கள். மவுண்டும் குழாயும் சேரும் இடத்தில் வெள்ளை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்தால் ஸ்கோப் நகர்ந்ததா என்பது பார்த்ததுமே தெரியும். என்னுடையதில் கோடு இதுவரை உடையவில்லை.

உப்புக்காற்றும் ஈரமும் நம் ஊருக்கே உரிய சோதனை. தேவனாம்பட்டினம் பக்கம் வீடு உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மவுண்டின் ஆலன் ஸ்க்ரூக்கள் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்தன, ஸ்டெயின்லெஸ் வாங்கி மாற்றினேன். லென்ஸுக்குள் இதுவரை ஆவியோ பூஞ்சையோ இல்லை. ஸ்கோப்போடு துப்பாக்கியை உறைக்குள் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றோட்டமான அலமாரியில் வைக்கிறேன்.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்கிறேன். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஸ்கோப் பழக்கமே வேண்டாம். அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது, சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் துளை சைட்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது அந்தத் துளை வழியாகப் பார்த்துத்தான். தாள் இலக்கு, தகர டப்பா என்று பல தூரங்களில் துல்லியம் பழக விரும்புகிறவர்களுக்கே இந்த ஸ்கோப். பறவைகள் மேல் குறிவைப்பவர்களுக்காக நான் இதை எழுதவில்லை. அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும், அதைவிட அது செய்யக்கூடாத காரியம். உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள, 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி துப்பாக்கி 4.5 மி.மீ.க்கு மேலும் 20 ஜூலுக்கு மேலும் போகக் கூடாது என்பதையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தோப்பில் இலக்குக்குப் பின்னால் தடுப்பாக ஆள் உயரச் செம்மண் கரை இருக்கிறது; அது இல்லாத இடத்தில் நாங்கள் பெல்லட் போடுவதில்லை.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அரை மதிப்பெண் கடினமான வளையத்துக்காகவும், அரை மதிப்பெண் அந்த ஒற்றை வரித் தாளுக்காகவும் குறைத்திருக்கிறேன். இதே விலையில் ஏஓ இல்லாத 6-24×50 ஒன்று கிடைத்தால் அதை விட்டுவிட்டு இதை எடுங்கள். ஏஓ உள்ள 3-9×40 ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தால் அதை எடுங்கள். 30 மீட்டருக்குள் 9 மடங்கு தாராளம், மிச்சப் பணத்துக்கு ஒரே துண்டு மவுண்டும் ஒரு டப்பா நல்ல பெல்லட்டும் வாங்கலாம்.